ஏழாவது கோட்டுக்குக் கீழே

10-3-1976, புதன். இன்று ஒரு சிறு பிழை தெரியவந்தது. பிழை என்னுடையது. செங்கரைப்பட்டி பூமிநாதனுக்குச் சாணக் கலவை சொன்ன அன்று, கையேட்டு அட்டவணையில் 'பச்சைச் சாணம்' என்ற வரியைப் பார்ப்பதற்குப் பதிலாக அதற்கு அடுத்த 'உலர்ந்த சாணம்' வரியைப் பார்த்திருக்கிறேன். ஒரு கூடைக்கு ஒரு குடம் தண்ணீர் என்பதை இரண்டு குடம் என்று சொல்லிவிட்டேன். கலவை நீர்த்துப்போய்விட்டது. அதனால்தான் வாயு கட்டவில்லை. இன்னும் சாணம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. இனி அட்டவணைகளை அடிக்கோல் வைத்துப் படிக்க வேண்டும்.

இதை எழுதிப் பத்தொன்பது நாளாகியிருந்தது. காரைக்குடியிலிருந்து சிவகங்கை போகும் காலை பஸ்ஸில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வயிரவன் அந்தப் பக்கத்தை மடியில் விரித்து வைத்திருந்தான். 'பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை' என்ற வரியை அடித்துவிடலாம் என்று பல தரம் பேனாவைத் திறந்திருக்கிறான், அடிக்காமல் மூடியிருக்கிறான். எழுதியதை அடிப்பதில்லை என்பது நாட்குறிப்பு தொடங்கிய அன்றே அவன் தனக்கு வைத்துக்கொண்ட விதி. விதிகள் அவனுக்குப் பிடிக்கும். விதி இருந்தால் தன்னை நம்பவேண்டிய கட்டாயம் இல்லை. பகலில் வேலை, மாலையில் டுடோரியல் மாடியில் கணக்கும் ஆங்கிலமும், படுக்கும் முன் அரைப் பக்கம் நாட்குறிப்பு. பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். மேலிருந்து கூட்டிய கணக்கைக் கீழிருந்து ஒரு தரம் கூட்டிப் பார்ப்பான். அப்படிப்பட்டவன் ஒரு வரி தவறிப் படித்தான் என்பதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அவனே நம்பியிருக்கமாட்டான்.

சிவகங்கை ஆபீசில், சாண எரிவாயுப் பிரிவில் அவன் தற்காலிக உதவியாளன். சேர்ந்து எட்டு மாதம். வீட்டில் சாணி கேஸ் குழி கட்டிக்கொள்கிறவர்களுக்கு அரசாங்கம் செலவில் கால் பங்கை மானியமாகக் கொடுத்தது. மீதியை பாங்கி கடனாகக் கொடுத்தது. கிணறு மாதிரிச் செங்கல் கட்டிய ஒரு குழி. அதற்குள் சாணக் கரைசல். கரைசலின் மேல் கவிழ்த்துப்போட்ட பெரிய இரும்பு டிரம். வாயு கட்டக் கட்ட டிரம் மேலே எழும்பும். அடுப்பில் எரிக்க எரிக்க இறங்கும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் மானியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. மார்ச் முப்பத்தொன்றுக்குள் வீட்டு அடுப்பில் சுடர் எரிய வேண்டும். அதை உதவியாளன் கண்ணால் பார்த்துச் சான்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷத்துப் பணம் திரும்பிப் போய்விடும். ஆபீசில் அதற்கு 'லேப்ஸ்' என்று பெயர். அந்தச் சொல்லை எல்லோரும் ஒரு நோயின் பெயரைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

பத்தாம் தேதி அவன் செங்கரைப்பட்டிக்குப் போனபோது பூமிநாதனின் டிரம் குழிக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பொங்கல் கழிந்து நிரப்பிய குழி; ஐம்பது நாளாகியும் ஒரு கொப்புளம் இல்லை. ஒரு குச்சியை விட்டுக் கலக்கிப் பார்த்ததும் கரைசல் கழுநீர் மாதிரி ஓடியது. வயிரவன் பையிலிருந்து கையேட்டை எடுத்து அட்டவணையைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் காது மடல் சுட்டது. அப்போது பூமிநாதன் பக்கத்தில் வந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி, "எங்க மாடுகதான் சோடை தம்பி. வைக்கோலத் தின்னுட்டு என்னத்தப் போடும்? பருத்திக்கொட்டை வச்சிருக்கணும். எங்க மேலதான் தப்பு," என்றார்.

ஒரு மனிதர் தானாக வந்து தப்பைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொள்கிறார். இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் வயிரவன் கையேட்டை மூடிப் பைக்குள் வைத்தான். "பாதியை இறைச்சுக் கொட்டிட்டு, கெட்டியா ஒரு பத்து வண்டி சாணி சேருங்கண்ணே. முப்பத்தொண்ணுக்குள்ள எரியணும்," என்றான். பிறகு ஆய்வுப் படிவத்தில் 'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில், நல்ல கையெழுத்தில், 'பயனாளியின் கவனக்குறைவால் கலவை நீர்த்துவிட்டது' என்று எழுதினான். அந்தக் கட்டத்தை எப்படியும் நிரப்பியாக வேண்டும். காலியாக விட்டால் படிவம் திரும்பி வரும். நிரப்பினால் ஒரு நகல் பாங்கிக்கும் போகும்.

பூமிநாதனுக்கு மாடு ஐந்து. பத்து வண்டிச் சாணிக்கு ஐந்து மாடு எந்த மூலைக்கு? மனிதர் வண்டியைப் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். விடியுமுன் போய் ஒவ்வொரு தொழுவமாகக் கேட்டு அள்ளி வந்தார். ஊரில் கேலி பண்ணாத வாய் இல்லை. ஒன்பதாம் நாள், பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை விடியலில், பக்கத்து ஊரில் யாரோ ஒருவருடைய குப்பைக்குழி ஓரத்தில் சாணிக்குவியலுக்குள் கையை விட்டவரைக் கண்ணாடிவிரியன் கடித்தது. வண்டியிலேயே போட்டுக்கொண்டு ஓடினார்கள். சிவகங்கைக்கு வரும் வழியில் முடிந்துவிட்டது. அது எட்டாவது வண்டி. வண்டியில் கிடந்த சாணியோடுதான் அவரைக் கொண்டுபோனதாகவும், வீட்டுக்குத் திரும்பிய பிறகு அந்தச் சாணியைக் கீழே கொட்ட மனமில்லாமல் அவர் பெண்சாதியே குழியில் கரைத்துவிட்டதாகவும் ஆபீஸ் பியூன் ஐயனார் திங்கட்கிழமை வந்து சொன்னான். அன்று முதல் வயிரவனுக்குச் சோறு இறங்கவில்லை. குழாயடியில் யாராவது இரண்டு குடத்தை ஜோடியாக வைத்திருந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தான். இழவுக்குப் போகவேண்டும் என்று மூன்று நாள் நினைத்தான். மூன்று நாளும் போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது.

சனிக்கிழமை மேலாளர் ஆசைத்தம்பி கோப்பை அவன் முன்னால் தள்ளினார். "செங்கரைப்பட்டி கேஸ் என்னய்யா ஆச்சு?"

"டிரம் எழும்பிடுச்சாம் சார். ஆனா கருமாதி ஆகாம புது அடுப்புப் பத்தவைக்கமாட்டோங்கிறாங்க. கருமாதி ஏப்ரல் மூணு."

"மூணு நாள். மூணு நாள்ல சுடர் கலர் மாறிடப் போகுதா? எரிஞ்சுதுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வந்துரு. அந்தப் பொம்பளைக்குப் புண்ணியம், எனக்கு டார்கெட், உனக்கு ஏப்ரல் ஒண்ணாம் தேதி பெர்மனென்ட் ஆர்டர்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவகாசம் கேட்டு எழுதலாமா சார்? சுற்றறிக்கையில மூணு மாசம் குடுக்கலாம்னு..."

"பயனாளி பேர்ல தப்பு இல்லாம இருந்தா குடுக்கலாம். இங்க கவனக்குறைவுன்னு அழகா எழுதி வச்சிருக்கியே. உன் எழுத்துதானய்யா? முத்து முத்தா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை அவன் சான்றுப் படிவத்தை நிரப்பினான். 'வீட்டு அடுப்பில் சுடர் நீல நிறத்தில் சீராக எரிந்ததை நேரில் கண்டேன்.' பயனாளியின் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. அந்தப் படிவம்தான் இப்போது நாட்குறிப்புக்குள் மடித்துக் கிடந்தது.

நாட்டரசன்கோட்டை விலக்கில் இறங்கி, கண்மாய்க்கரை வழியாக இரண்டு மைல் நடந்தான். பங்குனி வெயில் ஒன்பது மணிக்கே முதுகில் ஏறியிருந்தது. பூமிநாதன் வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலில் தென்னங்கீற்று காய்ந்து சுருண்டிருந்தது. அதன் நிழலில் பூமிநாதனின் தம்பி மருது கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து பீடியைத் தேய்த்து அணைத்தான்.

"வாங்க சார். நல்ல நேரத்துக்கு வந்தீக. எங்க மதினிக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா மச்சினன் துட்டுக்கு அலையுறாங்குது. எனக்கென்ன சார், அந்த டிரம்முக்குள்ளயா நான் குடியிருக்கப் போறேன்? மானியம் வரலைன்னா பாங்கிக்காரன் முழுசாக் கேப்பான். மாட்ட வித்துத்தான் கட்டணும். மாட்ட வித்துட்டு, அப்புறம் டிரம்ம வச்சு என்ன செய்றது? கவுத்துப்போட்டு மேளம் அடிக்கிறதா?" சொல்லிவிட்டுத் தானே தலை குனிந்துகொண்டான். "ஊரே சிரிச்சுச்சு சார். அண்ணன் வண்டிய ஓட்டிட்டு வந்தா, 'பூமி, எங்க எருமைக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல, நாளைக்கு வந்து கேட்டுப் பாரு'ம்பாங்க. அதுக்கும் அவன் சிரிச்சுக்கிட்டே, 'சரிப்பா, கசாயம் வச்சுக் குடு'ன்னுட்டு வருவான். நான்தான் மூஞ்சியத் தூக்கிட்டு அலைஞ்சேன். ஒரு நாள் கூடப் போயிருந்தா, அந்தக் குவியல்ல நான் கைய விட்டிருப்பேன்."

இந்த வீட்டில் ராத்திரி இன்னொருவனும் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான் என்பது வயிரவனுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தன்னுடைய இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது.

"மதினி பின்னாடி குழிக்கிட்ட இருக்குது. இங்குட்டு வாங்க."

வீட்டின் பக்கச் சந்து வழியாகப் போனார்கள். சமையலறைச் சன்னல் திறந்திருந்தது. உள்ளே மேடையில் புது அடுப்பு ஒரு வேட்டித்துண்டால் மூடி வைக்கப்பட்டிருந்தது. துண்டுக்கு வெளியே தெரிந்த இரும்புக் காலில் யாரோ மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள், குங்குமம் கறுத்துவிட்டது. சந்து முடிகிற இடத்தில் சாணம் கரைக்கும் தொட்டி. தொட்டிக்கு மேலே சுவரில்தான் ஜனவரி மாதம் வயிரவன் கரித்துண்டால் எழுதிக் காட்டினான். எண்ணாக எழுதினால் மறக்காது என்று அப்போது விளக்கமும் சொல்லியிருந்தான். 'கூடை 1. குடம் 2.'

இப்போது சுவரில் 'கூடை 1' அப்படியே இருந்தது. குடத்துக்கு நேரே இருந்த 2 விரலால் தேய்த்து அழிக்கப்பட்டிருந்தது. அந்தக் கறையின் மேல், பழக்கமில்லாத கை அழுத்தி எழுதிய, கோணலான ஒரு 1.

அவன் நின்றுவிட்டான். யார் அழித்தது, எப்போது அழித்தது என்று கேட்கத் தேவையில்லை. அந்தக் கறை காய்ந்து பல நாளாகியிருந்தது.

"மருது, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துருப்பா," என்று குழியடியிலிருந்து ஒரு குரல் வந்தது. பூமிநாதனின் பெண்சாதி பஞ்சவர்ணம் குழிக்கட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. பிள்ளைகள் இரண்டையும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். மருது போனதும், "உக்காருங்க தம்பி," என்று கவிழ்ந்து கிடந்த கூடையைக் காட்டினாள்.

"வரணும்னு நினைச்சேன்க்கா... அன்னைக்கு..."

"சரி, இப்பத்தான் வந்துட்டீகல்ல."

வயிரவன் கூடையில் உட்காராமல் நின்றான். டிரம் குழிக்கு வெளியே ஒரு முழத்துக்கு எழும்பியிருந்தது. கறுப்புப் பெயிண்ட் அடித்த இரும்பில், மேலிருந்து கீழாக இரண்டு விரல் இடைவெளியில், வெள்ளைப் பெயிண்டில் படுக்கைக் கோடுகள். கரைசலின் பாசியேறி மங்கியிருந்தாலும் எண்ண முடிந்தது. அந்தக் கோடுகளை அவன் முன்பு பார்த்ததில்லை. பத்தாம் தேதி அவை எல்லாமே குழிக்குள் இருந்திருக்கின்றன.

"டிரம்ம இறக்குன அன்னைக்கு அவுக போட்டது," என்றாள் பஞ்சவர்ணம். "எம்புட்டு ஏறுதுன்னு கண்டுபிடிக்கணும்ல, அதுக்கு. டீக்கடைக்குப் பெயிண்ட் அடிச்ச மிச்சத்த வாங்கியாந்தாக. ஏழு கோடு போட்டதும் டப்பா காலி. தினம் விடிய எந்திரிச்சதும் இங்கதான் வருவாக. வந்து, குனிஞ்சு பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம போயிருவாக. ஒரு கோடு ஏறலை. மண்ணுக்குள்ள போட்டு ரெண்டாம் நாளு, ஞாயித்துக்கிழமை, பாலத் தெளிச்சுட்டு வந்து பார்க்கிறேன். முதக்கோடு வெளிய நிக்குது. மறுநா ரெண்டாவது. அப்படியே ஒரு நாளைக்கு ஒண்ணு. அவுக வீடு வீடாப் போயி வாங்கியாந்த சாணிதான. அவுக இல்ல, அது பாட்டுக்கு வேலை செய்யுது. ராத்திரி குளுக் குளுக்குன்னு சத்தம் வேற. முத நாளு அவுகதான் தொண்டையச் செருமுறாகன்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

அவள் அழவில்லை. கொடியில் துணி காய்ந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். வயிரவன் கோடுகளை எண்ணினான். ஏழு. ஏழாவது கோட்டுக்குக் கீழே, கரைசலின் விளிம்பில், வெள்ளையாக நான்கு புள்ளிகள் தெரிந்தன. நடுவில் இரண்டு கொஞ்சம் உயரம். ஓரத்தில் இரண்டு கொஞ்சம் தாழ்வு.

"இது எட்டாவது கோடா?"

"கோடு இல்ல தம்பி. விரலு."

வயிரவன் இன்னும் தாழக் குனிந்தான்.

"பெயிண்டுக் கையோட இருந்தாக. இறக்குறப்ப டிரம் சாஞ்சுருச்சு. 'விட்றாத, விட்றாத'ன்னு கத்திக்கிட்டு இந்தக் கையக் குடுத்துத் தாங்குனாக." அவள் தன் வலது கையை விரித்துக் காற்றில் பதித்துக் காட்டினாள். "அப்படியே உள்ள போயிருச்சு. நானே மறந்துட்டேன். நேத்துக் காலையில வந்து பார்த்தா, நகம் மாதிரி என்னமோ தெரியுது. இன்னைக்கு இம்புட்டு."

கரைசலில் எங்கோ ஒரு கொப்புளம் வந்து உடைந்தது. டிரம் அசைந்ததுபோல வயிரவனுக்குத் தோன்றியது. அசைந்திருக்காது. ஒரு நாளைக்கு இரண்டு விரல் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அவனால் பார்வையை எடுக்க முடியவில்லை. மார்ச் பத்தாம் தேதி இதே இடத்தில் நின்று குச்சியை விட்டுக் கலக்கியபோது, அவன் முழங்கைக்கு ஒரு சாண் கீழே, அந்தச் சாணித் தண்ணீருக்குள் அந்தக் கை விரிந்தபடி இருந்திருக்கிறது. பக்கத்தில் நின்று அந்தக் கைக்காரர், எங்க மேலதான் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அடுப்பப் பத்தவச்சா டிரம் இறங்கிருமாமே. நெசமா?"

"இறங்கும்க்கா."

"மறுபடி ஏறும்ல?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான். "ஏறும். ஆனா தினம் சமைச்சா இவ்வளவு உசரம் ஏறாது."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். "அதான் கருமாதி வரைக்கும் போகட்டும்னு சொல்லிக்கிட்டிருக்கேன். மருதுகிட்ட முறைக்கு ஆகாதுன்னுதான் சொன்னேன். அதுவும் நெசந்தான். ஆனா அஞ்சு நாள்ல உள்ளங்கை முழுசா வந்துரும். ஒரு தரம் பார்த்துக்கிடுறேன். அப்புறம் பத்தவச்சு, பாலக் காச்சி, உங்களுக்கும் ஒரு டம்ளர் குடுக்கிறேன். அவுக ஆசைப்பட்டதுதான. நான் புகையில இருமக்கூடாதுன்னுதான இம்புட்டும்."

வயிரவன் நாட்குறிப்பைத் திறந்து படிவத்தை எடுத்தான். எடுத்ததும் ஏன் எடுத்தோம் என்று இருந்தது. "இதுல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்க்கா. அடுப்பப் பத்தவைக்க வேண்டாம். எரிஞ்சுதுன்னு நானே எழுதிட்டேன். மானியம் வந்துரும். நீங்க உங்க நாள்ல பத்தவச்சுக்கிருங்க."

பஞ்சவர்ணம் படிவத்தை வாங்கி எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தாள். மூன்றாவதோ நாலாவதோ படித்தவளாக இருக்க வேண்டும். நீல நிறத்தில் என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு மடித்தாள்.

"மருது போன வாரம் பாங்கிக்குப் போயிருந்தான். மூணு மாசம் தவணை கேட்டுப் பார்க்கலாம்னு. அங்க ஒருத்தரு ஏட்டப் பார்த்துப் படிச்சாராம். பயனாளியின் கவனக்குறைவுன்னு எழுதியிருக்குதாம். அதனால தவணை கிடையாதாம்." அவள் முதல்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "கவனக்குறைவுன்னா என்னா தம்பி?"

தொழுவத்தில் மருது மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது.

"படிச்சவுக, அதான் கேக்குறேன். விடிய விடிய எந்திரிச்சு வந்து கோட்டப் பார்த்தாகளே, அதுக்குப் பேரா?"

"அக்கா, அந்தக் கலவை..."

"தெரியும்." அவள் குரல் உயரவில்லை. "நாலாவது வண்டிக்குப் போன ஊர்ல இதே மாதிரி குழி இருந்துச்சாம். ஒண்ணுக்கு ஒண்ணுதான் கரைக்கிறோம்னு அந்த வீட்டுல சொன்னாகளாம். வந்து, சுவத்துல இருந்ததத் தேச்சு அழிச்சுட்டு எழுதுனாக. எனக்குக் கோவம்னா கோவம். ஆபீசுல போயிச் சொல்லுங்கன்னேன். வேணாங்கிறாக. 'சின்னப் புள்ளடி, இப்பத்தான் வேலைக்கு வந்திருக்கு, நாம போயிச் சொன்னா சீட்டக் கிழிச்சுருவாங்க. அடுத்த தரம் வரும்போது அதுவே சொல்லும், பாரு' அப்படின்னாக."

வயிரவன் திறந்திருந்த நாட்குறிப்பை மூடினான்.

"நானும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்," என்றாள். "இழவுக்கு வருவீக, அன்னைக்குச் சொல்லுவீகன்னு நினைச்சேன். வரலை. இன்னைக்குச் சந்துல காலடிச் சத்தம் சுவரு கிட்ட நின்னுச்சு. சரி, பார்த்துட்டாக, சொல்லுவாகன்னு நினைச்சேன். காயிதத்த எடுக்கிறீக."

இரண்டு குடம் என்று சொன்னது ஒரு வரி தவறியதால். அதை எந்தச் சபையிலும் சொல்லிவிடலாம். கையேட்டை மூடிப் பைக்குள் வைத்தது எந்த வரி தவறியதால் என்று வயிரவன் தன்னைக் கேட்டுக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த எந்த அட்டவணையிலும் அதற்கு இடம் இல்லை. "தப்பு என்னோடதுதான்க்கா," என்றான். இத்தனை நாள் தொண்டையில் கிடந்த சொல் வெளியே வந்தபோது அது இவ்வளவு சின்னதாக இருந்தது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"ம்." அவள் படிவத்தை அவனிடம் நீட்டினாள். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. எழுதி வச்சிருக்கீகல்ல ஒரு இடத்துல, அங்க சொல்லுங்க. மானியம் வரும், வராமப் போகும். மாடு விக்கணும்னா வித்துக்கிடுறோம். செத்தவுக பேர்ல அந்த எழுத்து இருக்கக் கூடாது. எங்க பிள்ளைக நாளைக்கு அந்த ஏட்டப் படிக்கும்."

"படிக்குமா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தான்.

"படிக்க வைப்பேன்ல."

மருது மோரோடு வந்தான். வயிரவன் செம்பை வாங்கி நின்றபடியே குடித்தான். "என்ன சார், மதினி சரின்னுச்சா?" என்று மருது கேட்க, பஞ்சவர்ணம் முந்திக்கொண்டு, "தம்பி யோசிச்சுச் சொல்றேன்னிருக்கு," என்றாள். மருது, "யோசிக்கிறதுக்கு ரெண்டு நாள்தான சார் இருக்கு? எங்க அண்ணன் மாதிரி மெல்ல யோசிக்கிறவுகளா நீங்களும்?" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

திரும்பி வரும்போது சந்தில் அவன் சுவரைப் பார்க்கவில்லை. கண்மாய்க்கரையில் பாதி தூரம் வந்த பிறகுதான், படிவத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்பது தெரிந்தது. வியர்வையில் 'நீல' என்ற எழுத்து கரைந்து விரலில் ஒட்டியிருந்தது.

அன்று அவன் ஆபீசுக்கும் போகவில்லை, மாலை வகுப்புக்கும் போகவில்லை. காரைக்குடி அறையில் மேசை முன்னால் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்தான். 'மேற்படி ஆய்வுப் படிவத்தில் சிறு திருத்தம்' என்று முதல் தாள் தொடங்கியது. 'சிறு' என்பதை எடுத்துவிட்டு இரண்டாவது தாள் எழுதினான். அதில் 'பிழை நேர்ந்துவிட்டது' என்று வந்தது. யாரோ வழிப்போக்கன் செய்ததுபோல இருந்தது. மூன்றாவது தாளில் 'நான்' என்று தொடங்கி, அதற்கு மேல் ஓடவில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி ஆர்டர் ஞாபகம் வந்தது. அப்பா பட்டறையில் எல்லோரிடமும், மகன் கவர்மெண்டில் இருக்கிறான் என்று சொல்லிவைத்திருப்பது ஞாபகம் வந்தது. ஆசைத்தம்பி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஏன்யா, அந்த ஆளே தன் தப்புன்னுதான சொன்னார் என்று கேட்பார். ஆமாம், அவரே சொன்னார். அந்த ஒரு வாக்கியம்தான் இத்தனை நாளும் அவனைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது என்று ஆசைத்தம்பிக்கு எப்படி விளங்கவைப்பது?

விளக்கைக் குறைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். செங்கரைப்பட்டியில் இந்நேரம் இருட்டியிருக்கும். குழியடியில் யாரும் இருக்கமாட்டார்கள். எட்டு வண்டிச் சாணம் அடியில் புளித்து, கொப்புளம் கொப்புளமாக மேலே வந்து, டிரம்மை யாருக்கும் தெரியாமல் தூக்கிக்கொண்டிருக்கும். நான்கு விரல்கள் வெளியே. கட்டைவிரல் இன்னும் வரவில்லை.

விளக்கைத் தூண்டிவிட்டு நாட்குறிப்பை எடுத்தான்.

29-3-1976, திங்கள். செங்கரைப்பட்டி போனேன். சான்றில் கையெழுத்து வாங்கவில்லை. அடுப்பு எரியவில்லை. எரிந்ததாக எழுதிய படிவத்தைக் கிழித்துவிட்டேன். பூமிநாதனுக்குப் பிழை யாருடையது என்று தெரிந்திருந்தது.

நாளை: முதல் பஸ். பத்து மணிக்கு முன் ஆபீஸ். மார்ச் பத்தாம் தேதி ஆய்வுப் படிவத்தை எடுத்து, தாமதத்துக்குக் காரணம் நான் சொன்ன தவறான அளவு என்று எழுதி, பெயரும் தேதியும் போட்டு, மூன்று மாத அவகாசம் கேட்டு மேலாளரிடம் நேரில் கொடுக்க வேண்டும்.